உன் மகள் ஓடி முடிக்கட்டும்

என் ராசாவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். உன் சுகத்தைப் போன கிழமை ரெலிபோனிலேயே கேட்டுவிட்டேன், அதைத் திரும்ப எழுதிக் கடதாசியை நிரப்பவில்லை. ரெலிபோனில் சொல்ல முடியாமல் போன ஒன்றைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட கை இது. அரைப் பக்கம் போவதற்குள் விரல் பிடித்துக்கொள்கிறது. ஆனாலும் ரெலிபோனில் நீ அவசரப்படுகிறாய், நான் அழுதுவிடுகிறேன், கலா நடுவில் நின்று உன்னையும் என்னையும் சமாளிக்கப் பாடுபடுகிறாள். கடதாசியில் அந்தத் தொல்லை இல்லை. நீ கோபப்படுவதென்றாலும் நான் சொல்லி முடித்த பிறகுதான் கோபப்பட முடியும்.

விசா வந்துவிட்டது. அடுத்த மாதம் கலா உன் மகளையும் கூட்டிக்கொண்டு கனடாவுக்கு உன்னிடம் வருகிறாள். என்னைப் பற்றி யோசிக்காதே. பக்கத்து வளவில் சின்னம்மா இருக்கிறாள், வயல் இருக்கிறது, இந்தப் பாப்பாமோட்டையில் தனியே இருந்தாலும் கதைக்க ஆளில்லாமல் போகாது. என் யோசனை எல்லாம் தர்சிகாவைப் பற்றியது. நீ விட்டுப்போனபோது அவளுக்கு மூன்று வயது, உன் தோளில் தூங்கிக்கொண்டு வந்த பிள்ளை. இப்போது வருகிறவள் எட்டு வயதுக்காரி. அவளை உனக்குக் கொஞ்சம் அறிமுகம் செய்து அனுப்ப வேண்டியது என் கடமை.

போன கிழமை நீ என்ன சொன்னாய் என்று உனக்கு நினைவிருக்கிறதா? கலா ரெலிபோனைச் சத்தமாகப் போட்டு மேசையில் வைத்திருந்தாள். "கூட்டிக்கொண்டு வா. வந்த கையோட டொக்டரிட்டக் காட்டி மருந்து தொடங்குவம். ஒரு மாசத்தில ஆளையே மாத்திப்போடுவாங்கள்" என்றாய். நல்ல மனதோடுதான் சொன்னாய், எனக்குத் தெரியும். உன் மகள் மேசைக்குக் கீழே இருந்தாள்.

மறுநாள் காலை கோழிக்குத் தீன் போடும்போது என் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

"அப்பம்மா, என்னை மாத்தினாப் பிறகு உங்களை எனக்கு ஞாபகம் இருக்குமோ?"

"ஆர் உன்னை மாத்துறது? விசர்க் கதை கதைக்காத."

"அப்பா சொன்னவர்."

அதற்கு மேல் நான் என்ன சொன்னாலும் அவள் நம்பவில்லை. என் பேச்சை விட உன் பேச்சு அவளுக்குப் பெரிது. அப்பா என்றால் ரெலிபோனுக்குள் இருக்கிற ஒரு முகம், அந்த முகம் சொல்வது பிழைக்காது. அன்றிலிருந்து ஒவ்வொரு காலையும் கோழிகளின் பெயரையும் ஆட்டின் பெயரையும் சின்னம்மாவின் பெயரையும் முணுமுணுத்துக்கொண்டு வளவைச் சுற்றுகிறாள். மறந்து போகாமல் இருக்கப் பாடமாக்குகிறாளாம். பள்ளிக்கூடத்தில் வாய்பாடு பாடமாக்கச் சொன்னால் ஓடுகிற பிள்ளை, தம்பி. இதை மட்டும் ஒரு நாள்கூட விடாமல் செய்கிறாள். அதைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

மூன்றாம் வகுப்பு தொடங்கியபோதுதான் ரீச்சர் கூப்பிட்டு அனுப்பினா. பிள்ளை இருக்கையில் இருப்பதில்லை, சொன்னது காதில் ஏறுவதில்லை, பாடம் நடக்கும்போது யன்னலால் இறங்கிக் கன்றுக்குட்டிக்குப் பின்னால் போய்விட்டாள், இதுதான் முறைப்பாடு. வீட்டிலும் அதே கூத்துத்தான். எனக்கோ மூச்சு விடாமல் கட்டளை போடுகிற வாய். "தர்சி, கோழியை அடைச்சுப்போட்டு, கால் கழுவி, பொட்டு வைச்சு, புத்தகத்தை எடுத்துக்கொண்டு வா" என்பேன். ஒருநாள் வெகுநேரமாகியும் ஆளைக் காணவில்லை என்று போய்ப் பார்த்தால், கூட்டுக்கு முன்னால் குந்தியிருந்து கோழிக்குப் பொட்டு வைத்துக்கொண்டிருக்கிறாள். "நீங்கள்தானே அப்பம்மா பொட்டு வைக்கச் சொன்னனீங்கள்?" என்று என்னையே கேட்டாள். கலா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிள்ளைக்கு யாரோ கண்ணூறு போட்டுவிட்டார்கள் என்று நினைத்தேன்.

கோயிலுக்குக் கூட்டிப்போய்ப் பூசாரியாரிடம் சொல்லிக் கையில் நூல் கட்டுவித்தேன். தானாக அறுந்து விழும்வரை கழற்றக்கூடாது என்றார். உன் மகள் அதைக் கழற்றவில்லை. வகுப்பில் இருந்து முறுக்கினாள், புரி புரியாகப் பிரித்தாள், திரும்பவும் திரித்தாள். ரீச்சர் அதற்கும் கூப்பிட்டு அனுப்பினா. "அம்மா, பாடம் நடக்க நடக்க நூலோடதான் விளையாட்டு. ஆனா ஒரு புதினம், இந்தக் கிழமை கேட்ட கேள்விக்கெல்லாம் மறுமொழி சொல்லுறா" என்றா. எனக்குத் தலைகால் புரியாத சந்தோசம். பூசாரியாருக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுபோய்க் கொடுத்தேன். நூல் அறுந்து விழுந்தது, பிள்ளை பழையபடி யன்னலால் இறங்கினாள்.

பிறகுதான் மன்னார் ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனோம். பிள்ளைகளைப் பார்க்கிற டொக்டர் ஒரு பெண்பிள்ளை, கலாவை விட ஒன்றிரண்டு வயதுதான் கூட இருக்கும். நூல் கதையைச் சொன்னபோது அவ சிரிக்கவில்லை. சில பிள்ளைகளுக்குக் கைக்கு ஒரு வேலை இருந்தால்தான் காது திறக்கும் என்றா. அன்றிலிருந்து தர்சிகாவின் சட்டைப்பையில் ஒரு துண்டுக் கயிறு இருக்கும். ரீச்சருக்கும் சொல்லியாகிவிட்டது. பிளேனிலும் அது அவளுடைய கையில்தான் இருக்கும். அழுக்காக இருக்கிறதே என்று பிடுங்கி எறிந்துவிடாதே.

அந்த டொக்டர் அடுத்துக் கேட்ட கேள்வியில்தான் என் பிழை எனக்குத் தெரிந்தது. "பள்ளிக்கூடம் விட்டு வந்தா எங்க ஓடி விளையாடுவா?" என்று கேட்டா. கலா என்னைப் பார்த்தாள். நான் நிலத்தைப் பார்த்தேன்.

"ஓட விடுறேல்லை டொக்டர்" என்றாள் கலா.

"ஏன்?"

"மாமிக்குப் பயம்."

உனக்கு விளங்கும். நாங்கள் இந்தியாவிலிருந்து திரும்பி வந்து குடியேறிய காலத்தில் நீயும் இங்கேதான் இருந்தாய். வயலோரம் முழுக்க மண்டையோடு கீறின பலகையும் நாடாவும். முதல் போகத்திலேயே எங்கள் சிவலைப் பசு நாடாவைத் தாண்டிப் போய் மிதிவெடியில் கால் வைத்தது. அதை நீதான் இழுத்துப் புதைத்தாய். அந்தச் சத்தம் கேட்ட அன்று கலாவின் வயிற்றில் தர்சிகா. பிள்ளை நடக்கத் தொடங்கியதும் நான் ஒரு சட்டம் போட்டேன். வீட்டு வாசலைத் தாண்டினால் எனக்குப் பின்னால்தான் வர வேண்டும், நான் கால் வைத்த இடத்தில்தான் கால் வைக்க வேண்டும். அவளும் என் அடியைப் பார்த்துப் பார்த்துத் தத்தித் தத்தி வருவாள். பார்க்கிறவர்களுக்கு அது வடிவாகக்கூட இருந்தது.

நீ போன பிறகு மிதிவெடி எடுக்கிற ஆட்கள் வந்து கடைசிப் பகுதியையும் கிண்டி முடித்தார்கள். பலகைகளைக் கழற்றினார்கள். இனிப் பயமில்லை என்று ஊரைக் கூட்டிச் சொன்னார்கள். உழவு மெசின் இறங்கியது, நாங்களும் இறங்கி விதைத்தோம், நான் அதே இடத்தில் குனிந்து நின்று களை பிடுங்கினேன். ஆனால் தர்சிகாவுக்குப் போட்ட சட்டத்தை மட்டும் நான் எடுக்கவில்லை. எட்டு வயதாகியும் எனக்குப் பின்னால்தான், என் அடியில்தான். பள்ளிக்கூடத்துக்குப் போவதும் வருவதும் அப்படியே. வளவுக்குள் கொஞ்சம் ஓடினாலும் "ஓடாத, ஓடாத" என்று நான் போடுகிற சத்தம் சின்னம்மா வீடு வரை கேட்கும். நாள் முழுக்கப் பிடித்து வைத்த கால்களை வகுப்பிலும் மடக்கி வைக்கச் சொன்னால் பிள்ளை எங்கே போவாள்? யன்னலால்தான் போவாள்.

டொக்டர் என்னைக் குறை சொல்லவில்லை. "அம்மா, ஓட விட்டா எல்லாம் சரியாகிடும் எண்டு நான் சொல்லேல்லை. இது அவவோட கூடப் பிறந்த குணம். ஆனா ஓடாம இருந்தா கட்டாயம் கூடும். முதல்ல வீட்டிலயும் பள்ளிக்கூடத்திலயும் செய்யக்கூடியதைச் செய்து பாப்பம். போதாட்டி மருந்தைப் பற்றிக் கதைப்பம்" என்றா. நான் தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். தலையாட்டுவது சுலபம்.

அறுவடை முடிந்து வயல் வெளித்திருந்தது. அடுத்த நாள் பள்ளிக்கூடம் போவதற்கு முன்னால் அவளைக் கூட்டிக்கொண்டு வயலுக்குப் போனோம், நான், கலா, பிள்ளை. வரம்பில் நிற்கிறோம். வழக்கம்போல எனக்குப் பின்னால் நின்று என் காலைப் பார்க்கிறாள். "ஓடு" என்ற ஒரு சொல்தான், தம்பி. வாயைத் திறக்கிறேன், சத்தம் வரவில்லை. வயலில் மாடுகள் மேய்கின்றன, சனம் குறுக்கே நடந்து போகிறது, எல்லாம் கண்ணுக்குத் தெரிகிறது. ஆனாலும் என் கை பிள்ளையின் கையை விடமாட்டேன் என்கிறது.

"மாமி, கையை விடுங்கோ" என்றாள் கலா.

"விடுறன், விடுறன்" என்றேன், விடவில்லை.

கலா சேலையைத் தூக்கிச் செருகினாள். செருப்பைக் கழற்றினாள். உன் மனைவி, வீதியில் நடந்தால் காலடிச் சத்தமே கேட்காத உன் மனைவி, வயலுக்குள் இறங்கி ஓடத் தொடங்கினாள். அடுத்த வரம்பு வரை ஓடி, திரும்பி நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, "தர்சி, வா!" என்று கூப்பிட்டாள். பிள்ளை என் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். கண்ணை மூடிய பிறகுதான் என் விரல்கள் விட்டன.

திரும்பக் கண்ணைத் திறக்கும்போது அவள் கலாவையும் தாண்டிப் போய்விட்டாள். கை இரண்டையும் விரித்துக்கொண்டு, வாயால் என்னவோ சத்தம் போட்டுக்கொண்டு, மாடுகளைக் கலைத்துக்கொண்டு ஓடுகிறாள். மாடு மேய்த்த கந்தையர், "என்ன பெரியம்மா, பேத்திக்குப் பேய் பிடிச்சிட்டுதோ? என்ர மாடெல்லாம் வங்காலைக்குப் போகப்போகுது!" என்று கத்தினார். "போனால் போகட்டும், நீ போய்ப் பிடி" என்று நானும் கத்தினேன். அப்படி ஓடுகிற பிள்ளை இந்த ஊரில் வேறு ஆரும் இல்லை, ராசா. பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

அன்றிலிருந்து நாள் தவறாமல் பள்ளிக்கூடம் போவதற்கு முன்னால் ஓட்டம். விதைப்புக் காலத்தில் குளக்கட்டில். ரீச்சரும் நல்ல மனுசி, யன்னலோரம் இருந்தவளைத் தனக்கு முன்னால் இருத்தினா. பாடத்தின் நடுவில் "தர்சிகா, இதைக் கொண்டுபோய் அதிபரிட்டக் குடுத்திட்டு வா" என்று எழும்பி நடக்க ஒரு சாட்டுக் கொடுக்கிறா. நானும் என் வாயை அடக்கப் பழகிவிட்டேன். கிட்டப் போய், தோளில் கை வைத்து, என்னைப் பார்த்த பிறகு ஒரே ஒரு வேலையைச் சொல்வேன். அது முடிந்த பிறகுதான் அடுத்தது. செய்து முடித்தால் செய்ததைச் சொல்லிப் பாராட்டுவேன், செய்யாததைப் பற்றி மூச்சு விடமாட்டேன். என் வயதில் இது பெரிய கஷ்டம். நீ இளம் ஆள், உனக்குச் சுலபம்.

எல்லாம் மாறிவிட்டது என்று நினைத்துவிடாதே. போன மாதம் குழாயைத் திறந்து விட்டுவிட்டு அணிலுக்குப் பின்னால் போய்விட்டாள், தண்ணீர்த் தாங்கியில் இருந்ததெல்லாம் வளவில் ஓடியது. வகுப்பில் ஒரு பெடியனின் கொப்பியைக் கிழித்துவிட்டு மன்னிப்புக் கேட்க மாட்டேன் என்று அடம்பிடித்தாள். கணக்கு இன்னும் அரைவாசியில் நிற்கிறது. ஆனால் யன்னலால் இறங்குவதில்லை. ரீச்சர் கூப்பிட்டு அனுப்பினால் இப்போது கலாவின் முகம் கறுப்பதில்லை. வீட்டில் சத்தம் குறைந்திருக்கிறது. அதுவே எனக்குப் பெரிது.

மருந்து வேண்டாம் என்று நான் மறிக்கிறேன் என்று நினைப்பாய். இல்லை. முன்பு அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன், மருந்து கொடுத்தால் பிள்ளை மந்தமாகிவிடும் என்று. உப்புக்குளத்து ஜெசீமாவை உனக்குத் தெரியும்தானே, புத்தளத்திலிருந்து திரும்பி வந்த என் சிநேகிதி. அவளுடைய பேரனும் இதே டொக்டரின் கிளினிக்குக்கு வருகிறவன், அவனுக்கு மருந்து கொடுக்கிறார்கள். நான் அவனைப் பார்த்துப் பரிதாபப்பட வாயெடுத்தபோது ஜெசீமா, "என்னடி அப்பிடிப் பாக்கிறாய்? என்ர புள்ள நல்லாத்தான் இருக்கான். நீ பிரசர் குளுசை போடுறியே, மந்தமாகிட்டியா?" என்று கேட்டுவிட்டாள். அவன் அவளோடு வாயடித்துக்கொண்டே இருந்து வீட்டுப்பாடத்தை எழுதி முடித்தான். ஒரு பிள்ளைக்கு வேண்டியது இன்னொரு பிள்ளைக்கு வேண்டாமல் இருக்கலாம், இன்றைக்கு வேண்டாதது இன்னும் இரண்டு வருடத்தில் வேண்டியதாகலாம். அதை அங்கே ஒரு நல்ல டொக்டர் பிள்ளையைப் பார்த்துச் சொல்லட்டும். கிளினிக்கில் தந்த கடதாசிகள் எல்லாம் கலாவின் பையில் இருக்கின்றன.

நான் கேட்பது வேறு. வந்த கையோடு டொக்டரிடம் கூட்டிக்கொண்டு ஓடாதே. முதலில் அவளோடு கொஞ்சக் காலம் இரு. அவள் எப்போது கேட்கிறாள், எப்போது கேட்காமல் போகிறாள், பசித்தால் எப்படி, தூக்கம் குறைந்தால் எப்படி என்று நீயே பார். டொக்டர் கேட்கும்போது தகப்பனுக்குத் தெரிந்திருக்க வேண்டும், தாயின் முகத்தைப் பார்க்கக்கூடாது. பிறகு அவர்கள் மருந்து என்றால் மருந்து. ஆனால் குளுசையைக் கொடுத்துவிட்டு நீ உன் வேலைக்குப் போய்விடலாம் என்று நினைக்காதே. குளுசை எழுதினாலும் காலை ஓட்டம் வேண்டும். உங்கள் வீடு மாடியில் என்றாய், ஓடினால் கீழ்வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார்கள். அதற்காக "ஓடாத, ஓடாத" என்று இன்னொரு சட்டம் போட்டுவிடாதே, அந்தச் சட்டம் எப்படி முடிந்தது என்று சொல்லிவிட்டேன். பனி கொட்டினாலும் உடுப்பைப் போட்டுக் கீழே கூட்டிப் போ. நீயும் ஓடு. உனக்கும் வயிறு வைத்திருக்கிறது, ரெலிபோனில் பார்த்தேன்.

அவள் யாரிடமிருந்து வந்த பிள்ளை என்று யோசித்துப் பார்த்தாயா? இந்தியாவில், மண்டபம் அகதி முகாமில் நீ சின்னவனாக இருந்தபோது ஒருநாள் தண்ணீர் பிடித்துவரக் குடத்தைக் கொடுத்து உன்னை அனுப்பினேன். வெயில் சாயும் நேரம் ஒரு அறுந்த பட்டத்தோடு வந்து நின்றாய். குடம் எங்கே என்றேன். "எந்தக் குடம்?" என்றாய். உன் அப்பா சிரித்துச் சிரித்துப் பாயில் விழுந்துவிட்டார், பிறகு அவரும் நீயுமாகக் குடம் தேடிப் போனீர்கள், இருட்டுப் படும்போது இரண்டு பேரும் குடம் இல்லாமல் பட்டம் விட்டுக்கொண்டு வந்தீர்கள். அப்படிப்பட்ட பெடியன்தான் இன்றைக்குக் கனடாவில் பெரிய லொறி ஓட்டுகிறான். உன்னை ஆரும் மாற்றிப்போடவில்லை.

அதனால் அவள் பிளேன் ஏறுவதற்கு முன்னால் நீ ஒருமுறை அவளோடு தனியே கதைக்க வேண்டும். கலாவோடு கதைக்கும்போது இடையில் செருகிச் சொல்லாதே. அவளைக் கூப்பிட்டு, அவள் உன்னைப் பார்க்கும்வரை பொறுத்திருந்து, நீ அன்று சொன்னது பிழை என்று சொல். உன்னை ஒருத்தரும் மாற்ற மாட்டார்கள், படிக்க உனக்கு என்ன உதவி வேண்டுமோ அதைத்தான் தேடுவோம், நீ எனக்கு இப்படியே வேண்டும் என்று சொல். நான் சொல்லிப் பார்த்துவிட்டேன், என் வாயால் சொன்னால் அது அவளுக்குள் போகவில்லை.

விமான நிலையத்தில் நீ முன்னுக்கு வந்து நிற்பாய். கலா பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு வருவாள். ஐந்து வருடமாகக் காத்திருந்தவன், மகள் கண்டதும் ஓடி வந்து கழுத்தைக் கட்டிக்கொள்வாள் என்று நினைத்திருப்பாய். வரமாட்டாள், ராசா. அங்கே தானாகத் திறந்து மூடுகிற கதவு இருக்கும், நகருகிற படி இருக்கும், அவள் இதுவரை காணாத ஏதோ ஒன்று இருக்கும். உன்னைத் தாண்டி அதனிடம் ஓடுவாள். சனம் பார்க்கும். சத்தம் போட்டுக் கூப்பிடாதே. கையைப் பிடித்து இழுக்காதே. பின்னால் போய், அவள் பக்கத்தில் குந்தியிருந்து, அவள் பார்ப்பதை நீயும் பார். கொஞ்ச நேரத்தில் அது எப்படி ஓடுகிறது, எங்கே போய் மறைகிறது என்று அவள் சொல்லத் தொடங்குவாள். சொல்லிக்கொண்டே, யாருக்குச் சொல்கிறோம் என்று ஒருமுறை திரும்புவாள். அப்போதுதான் அவள் தன் அப்பாவை முதன்முதலாகப் பார்க்கப்போகிறாள். அந்த நேரம் உன் முகம் சிரித்துக்கொண்டிருக்கட்டும்.

உன் அம்மா